சர்வேயரின் இரட்டை இறக்கை விமானம்

என் அப்பாவுக்கு மாமா வைத்த பெயர் சர்வேயர். அப்பா நிலம் அளந்தவர் இல்லை, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் வாயைத் திறந்தால் அளப்பார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்குள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாலு கதை சொல்லிவிடுவார். உள்ளே இருப்பவர்களால் ஓடவும் முடியாது. அவர்கள் வெளியே வந்து நன்றி சொன்னது கதவு திறந்ததற்கா, கதை முடிந்ததற்கா என்று அம்மாவுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

மாமா அம்மாவின் அண்ணன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக வேலை பார்த்தவர். எடைக்கல்லில் ஒரு துளி குறைந்தாலும் கடைக்காரரைக் கேள்வியால் குடைந்து எடுத்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அப்பாவின் பேச்சைத் தராசில் வைப்பார். இருவரும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. இவர் அளப்பார், அவர் எடை போடுவார், எங்களுக்கும் சாப்பாடு சுகமாக இறங்கும்.

அப்பாவின் ஆயிரம் கதைகளில் ஒன்று விமானக் கதை. கல்யாணத்துக்கு முன்னால் ரிமோட்டில் பறக்கும் இரட்டை இறக்கை விமானம் ஒன்றைத் தன் கையாலேயே செய்தாராம். மைதானத்தில் அதை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பூப்போல இறக்கினாராம். மற்ற கதைகளுக்கு மாமா சிரித்தால் அப்பாவும் கூடவே சிரிப்பார். இதற்கு மட்டும் முகம் சுண்டிவிடும்.

"மச்சான், இது நிஜம்" என்பார்.

"அப்போ மத்ததெல்லாம்?" என்று மாமா கேட்பார். அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்போம். வேலை மேசைக்கு ஒரு விளக்கு வேண்டியிருந்ததால் ஒரு சனிக்கிழமை பழைய சாமான் கடைக்குக் கிளம்பினேன். அப்பாவும் தொற்றிக்கொண்டார். நான் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் குரல் திடீரென்று நின்றது. எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. பயந்துபோய்த் திரும்பினேன். மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூரையிலிருந்து நாலு கம்பிகளில் ஒரு மாடல் விமானம் தொங்கியது. உடம்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இறக்கைகள். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். போர்த்தியிருந்த துணி அங்கங்கே கிழிந்து உள்ளே மரச்சட்டங்கள் தெரிந்தன. ஒரு சக்கரத்தைக் காணோம்.

"அம்மாடி, இது என்னோடது."

"அப்பா, மெதுவா பேசுங்க. கடைக்காரம்மா பார்க்கிறாங்க."

"சத்தியமா என்னோடதுடி. நான் செஞ்சது. வீடு மாத்தினப்போ ஒரு ஃபிரெண்டு கிட்ட கொடுத்தேன். அவன் எங்கேயோ போயிட்டான்."

கடைக்காரம்மா கணக்குப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐயா போன தடவை அந்தச் சுவர்க் கடிகாரமும் தன்னோடதுன்னாரு. பரவாயில்ல, எடுத்துட்டுப் போங்க. வர்றவங்க தலையில எல்லாம் இடிச்சிட்டு இருக்கு."

விளக்கோடு விமானமும் வீட்டுக்கு வந்தது. மறுநாள் மாமா வந்தார். கூடத்து மேசை முழுவதும் அடைத்துக்கொண்டு கிடந்த விமானத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடையாளம் சொல்லுங்க மாப்பிள்ளை. தொலைஞ்ச பர்ஸைக் கேட்டு வர்றவன்கிட்டகூட உள்ள என்ன இருக்குன்னு கேப்பாங்கல்ல?"

அப்பா யோசிக்கவே இல்லை. "கீழ் இறக்கை, இடது பக்கம். கட்டை பத்தாம போச்சு. என்னோட மர ஸ்கேலை உள்ள வெச்சு ஒட்டினேன். ஒரு அடி ஸ்கேல்."

லேபிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னக் கத்தியால் கீழ் இறக்கையின் இடது பக்கத் துணியைக் கீறினேன். உள்ளே வரிசையாக மெல்லிய சட்டங்கள், தூசி, செத்துப்போன ஒரு பூச்சி. ஸ்கேலைக் காணோம்.

"வலது பக்கமா இருக்கும், பாரு" என்றார் மாமா. அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை. வலது பக்கத்தையும் கீறினேன். அங்கேயும் இல்லை. அம்மா வந்து, தட்டு வைக்க இடம் வேண்டும் என்று விமானத்தை எடுக்கச் சொன்னாள். அன்று அப்பா ஒரு கதைகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

எனக்கு மாமா மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் கோபம் வந்தது. ஆயிரம் அளந்தாயிற்று, போகட்டும். இந்த ஒன்றையாவது நிஜமாக வைத்துக்கொள்ளக் கூடாதா? இந்த வயதில் அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. "நீங்க சொன்னது உண்மைதான் மாப்பிள்ளை" என்று மாமா வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த ஒரு வார்த்தையை நாற்பது வருஷமாகக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்.

எங்கள் லேபுக்குப் பல் செய்யும் பீங்கான் பொடி சப்ளை செய்கிற ஒருவர் விடுமுறை நாட்களில் மாடல் விமானம் ஓட்டுகிறவர். உயரத்தைப் பார்த்து எல்லாரும் அவரை டவர் என்போம். அவரை வரவழைத்தேன். டவர் குனிந்து, படுத்து, டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, கடைசியில் மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"மேடம், இது ரொம்ப அபூர்வம். சாதாரணமா மேல் இறக்கைதான் நீளமா இருக்கும். இதுல கீழ் இறக்கை நீளம். நான் பார்த்த எந்தப் பிளான்லயும் இப்படி இல்ல."

"அப்போ எங்கப்பா செஞ்சதா இருக்குமா?"

"சேச்சே, இது பெரிய டிசைனர் யாரோ செஞ்ச சோதனை."

டவர் போட்டோவைத் தன் குழுவில் போட்டார். சாயங்காலத்துக்குள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிவிட்டார்கள். ஒருவர் இது போர்க்காலத்து விமானத்தின் நகல் என்றார். இன்னொருவர் உலகத்திலேயே மூன்றுதான் இருக்கிறது, இது நாலாவது என்றார். அளப்பதற்கு எங்கள் அப்பா மட்டும்தான் என்று இல்லை என்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

எதுவாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு வந்ததைச் சுத்தமாவது செய்வோம் என்று பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பல் தூரிகையால் தூசி தட்டினேன். மேல் இறக்கையின் முதுகில் நாலு குட்டிக் கம்பிக் கொக்கிகள் இருந்தன. கடையில் விமானத்தைத் தொங்கவிட அவற்றில்தான் கம்பி கட்டியிருந்தார்கள், அதனால் கடைக்காரர்கள் அடித்த கொக்கிகள் என்று எல்லாரும் விட்டுவிட்டோம். கீழ் இறக்கையைத் துடைக்கத் திருப்பினேன். அதன் அடிவயிற்றிலும் அதே மாதிரி நாலு கொக்கிகள். தொங்கவிட மேலே கொக்கி வேண்டும், சரி. அடியில் எதற்கு?

அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் தினமும் பார்க்கிற சங்கதிதான். மேல் பல் செட்டைக் கீழேயும் கீழ் பல் செட்டை மேலேயும் மாட்டினால் கடிக்கிற பக்கம் வெளியே பார்க்கும். இரட்டை இறக்கை விமானத்தில் இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பிடிக்க நடுவே குட்டித் தூண்கள் நிற்கும். அந்தத் தூண்களைச் செருகத்தான் கொக்கிகள். அவை ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இதில் தூண்களே இல்லை; கொக்கிகளில் ஒரு வரிசை வானத்தைப் பார்க்கிறது, மற்றது தரையைப் பார்க்கிறது. இறக்கைகளை உடம்போடு கட்டியிருந்த ரப்பர் பேண்டை யாரோ அவிழ்த்து, மறுபடி மாட்டும்போது மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இடம் மாற்றிவிட்டார்கள். உலகத்தில் நாலாவது விமானம் அத்தோடு காலி.

"அப்பா! ஓடி வாங்க!"

மேலே இருந்ததுதான் உண்மையில் கீழ் இறக்கை. அதன் இடது பக்கத் துணியைக் கீறினேன். சட்டங்களுக்கு நடுவே பசையில் புதைந்து, பழுப்பு நிறத்தில் ஒரு அடி ஸ்கேல் இருந்தது. எண்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு நாள் நம்பாமல் இருந்ததற்கு அந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து ஸ்கேலைப் பார்த்தார். தன் பையிலிருந்து இன்னொரு ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழக்கம் விடுமா?

"அளவு சரியா இருக்கு" என்றார் ஒருவழியாக. "செஞ்சது நீங்கதான் மாப்பிள்ளை. ஒத்துக்கறேன். ஆனா செஞ்சது வேற, ஓட்டினது வேற. தண்ணித் தொட்டியைச் சுத்தி வந்து இறக்கினீங்களே, அதைக் கண்ணால பார்த்தா நம்பறேன்."

"பார்த்துடலாம் மச்சான்!" என்றார் அப்பா. அம்மா கையிலிருந்த கரண்டி தட்டில் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. நான் அதைக் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

அடுத்த வாரங்களில் எங்கள் பின்னறை ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. பழைய துணியை உரித்தோம். அந்தக் கால எஞ்சினின் எரிபொருளில் கலந்து ஊற்றிய விளக்கெண்ணெய் மூக்குக் கட்டைக்குள் ஊறிக் கிடந்தது. ஹேர் டிரையரால் சூடாக்கிச் சூடாக்கி, காகிதத்தால் ஒற்றி எடுத்தேன். உளுத்த கட்டைகளை அப்பா வெட்டியெடுத்துப் புதுசு செருகினார், காணாமல் போன சக்கரத்துக்கு வேறொன்று மாட்டினார். அந்தக் கைகள் அளக்கவில்லை, நூல் பிசகாமல் வேலை செய்தன. எஞ்சினுக்குப் பதில் பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்தோம். வாலையும் இறக்கை ஓரத்து மடல்களையும் அசைக்கக் குட்டி மோட்டார்களை டவர் கொண்டுவந்து பொருத்தினார். அபூர்வ டிசைன் போன வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

இறக்கைகளுக்குப் போர்த்த வாங்கிய சிவப்புத் துணி சூடுபட்டால் சுருங்கி இழுத்துக்கொள்ளும் ரகம். அதற்கு அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைக் கடன் வாங்கினேன். அடியில் பசை ஒட்டிக்கொண்டதற்கு ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டி முடித்த அம்மா, போகிற போக்கில் மேல் இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்து விமானத்தைத் தூக்கினாள். வால் தாழ்ந்தது.

"மூக்குல இன்னும் கொஞ்சம் கனம் வேணும். இல்லாட்டி இறங்கும்போது குதிக்கும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்கப்பா சொல்லியிருக்கார்."

அவர் சொல்லாத விஷயம் உலகத்தில் எது என்று நானும் விட்டுவிட்டேன். லேபில் பல் உறை வார்த்து மிச்சமான உலோகத் துண்டுகளை மூக்குக்குள் ஒட்டினேன். விமானம் விரல் நுனியில் சமமாக நின்றது.

ஓட்டிப் பழகுவதற்கு டவர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தார். கையில் நிஜ ரிமோட் பெட்டி, திரையில் பொய் விமானம். அப்பா உட்கார்ந்தார். விமானம் ஜம்மென்று எழும்பிப் போனது. நான் கை தட்டினேன். திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. நேராகப் போய் மரத்தில் மோதியது. மறுபடியும் ஏற்றினார், ராஜா மாதிரி போனது, திரும்பியதும் குட்டையில் விழுந்தது. அன்று மாலைக்குள் அந்தத் திரையில் அவர் இடிக்காத மரம் இல்லை.

மாடல் விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள கண்டம் இது என்றார் டவர். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடதும் நம் இடதும் ஒன்று. நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது அதன் இடது நமக்கு வலது. பெட்டியில் உள்ள குச்சியை மாற்றித் தள்ள வேண்டும். பழகினால் கை தானாகச் செய்யும், சிலருக்கு மட்டும் கடைசிவரை வராது.

"ஆனா இவருக்குத்தான் பழக்கம் இருக்கே!" என்றேன். டவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பா பெட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு வராது பாப்பா. அப்பவும் வரல."

"அப்போ தண்ணித் தொட்டி?"

"ஏத்தினேன். தொட்டிவரைக்கும் கொண்டுபோனேன். அது நிஜம்." சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "திருப்பிக் கொண்டுவந்து இறக்கினது உங்கம்மா."

சமையலறையில் குழாய்த் தண்ணீரின் சத்தம் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவில் சாய்ந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

கதை இதுதான். மைதானத்தை ஒட்டி இருந்த டைப்பிங் வகுப்பில் அம்மா படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முதல் விமானம் திரும்பி வரும்போது அந்த வகுப்பின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவள் மேசையில் விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தவள், "வரும்போது தப்பான பக்கம் திருப்பறீங்க" என்றாளாம். கோபத்தில் அப்பா, "அப்போ நீயே ஓட்டு" என்றாராம். இரண்டாவதாகச் செய்ததுதான் இந்த விமானம். அண்ணனுக்குத் தெரிந்தால் வகுப்பை நிறுத்திவிடுவார் என்று மைதானத்துக் காவலாளி அறைக்குப் பின்னால் நின்று ஓட்டினாள். அப்பா ஏற்றுவார், பெட்டியை அவளிடம் கொடுப்பார், அவள் இறக்குவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாற்பது வருஷமா அவர் ஓட்டினேன் ஓட்டினேன்னு சொல்றார், நீ சாதம் போட்டுட்டு நிக்கிற! உனக்கு வாய் இல்லையா?"

"அவர் சொல்ற ஆயிரத்துல இது ஒண்ணு. போகட்டும்னு விட்டுட்டேன்."

"விடற விஷயமா இது?"

அம்மா உள்ளே வந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். பொய் விமானத்தை ஏற்றினாள், திருப்பினாள், எங்களைப் பார்த்து வரவைத்தாள், ஓடுபாதையில் வைத்தாள். சத்தமே இல்லை. மறுபடி ஏற்றினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆனால் மாமாவிடம் வாய் விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னபோது அப்பா பயந்துபோனார். "ஸ்கேல் கிடைச்சு இப்பதான் பாதி நம்பியிருக்கார். இதைச் சொன்னா அதுவும் போயிடும்." வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் டவர்தான். புதிதாகக் கற்பவர்களுக்காக இரண்டு ரிமோட் பெட்டிகளைக் கம்பியில்லாமல் இணைக்கலாமாம். ஆசிரியர் கையில் இருக்கும் பெட்டியில் ஒரு சுவிட்ச். அதை அழுத்திப் பிடித்தால் மாணவர் ஓட்டலாம், விட்டால் விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும். அப்பா எல்லார் முன்னாலும் மாணவர் பெட்டியோடு நிற்பார். அம்மா தலைவலி என்று காரில் ஆசிரியர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள்.

"அப்பவும் ஒளிஞ்சுதான் ஓட்டினேன். இப்பவும் அதேதானா?" என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே. சிரிப்பில் குறை இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மைதானத்துக்கு மாமா மடக்கு நாற்காலியும் பைனாகுலருமாக வந்தார். தங்கச்சிக்குத் தலைவலி என்றதும், "வெயில்ல எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று அப்பாவைக் கடிந்துகொண்டார். காரை ஓடுபாதையைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். டவர் விமானத்தை வைத்தார். அப்பா மாணவர் பெட்டியோடு முன்னால் வந்து நின்றார்.

விமானம் உறுமிக்கொண்டு ஓடி, ஒரு துள்ளுத் துள்ளி, எழும்பியது. நான் செய்த வேலை மேலே போகிறது என்ற பயத்தில் எனக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம்தான் கண் தெளிந்தது. சிவப்பு இறக்கைகள் இரண்டும் வெயிலில் பளபளத்தன. போகும்போது கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் அலட்டல், தேவையில்லாமல் ஒரு சாய்வு. அது அப்பா. தூரத்தில் திரும்பியதும் ஆட்டம் நின்று, கோடு போட்ட மாதிரி வந்தது. அது அம்மா. மறுபடி போனது, மறுபடி வந்தது. அப்பா வெறும் குச்சிகளை உருட்டி உருட்டி நன்றாகவே நடித்தார். கடைசியில் விமானம் தாழ்ந்து, எங்களை நோக்கி வந்து, புல்லைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. குதிக்கவில்லை.

மாமா பைனாகுலரை இறக்கவில்லை. பிறகு எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, நாற்பது வருஷமா உங்களை அளக்கறவர்னு சொல்லிட்டேன். நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கேன். தப்பு என்னோடது. நீங்க சொன்னது உண்மைதான்."

அப்பா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது. என் கோபமெல்லாம் கரைந்து, போகட்டும், கிழவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா மாமாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். முன்கண்ணாடிக்குப் பின்னால் அம்மா மடியில் பெட்டியோடு, குனிந்து, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், கையை விடுங்க."

"என்னாச்சு?"

அப்பா நேராகக் காருக்குப் போனார். அம்மா உள்ளேயிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏத்தினது நான். இறக்கினது உங்க தங்கச்சி. இப்பவும் அவதான், அப்பவும் அவதான். எனக்கு இறக்கத் தெரியாது மச்சான். என்னைக்குமே தெரியாது."

மாமா அம்மாவைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"நீயா ஓட்டின?"

"ஆமாண்ணா."

"அப்போ, அந்தக் காலத்துலயும்?"

"ஆமாண்ணா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அப்புறம் கோபத்தை அப்பா பக்கம் திருப்பினார்.

"ஏன் மாப்பிள்ளை, நாற்பது வருஷம் கழிச்சு ஒரு உண்மை சர்டிஃபிகேட் கொடுத்தேன். அஞ்சு நிமிஷம்கூட வெச்சுக்க மாட்டீங்களா?"

"என் பேருக்கு வேண்டாம் மச்சான்" என்றார் அப்பா. "உள்ள அவ குனிஞ்சு உட்கார்ந்திருக்கா. என்னால முடியல."

மாமா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஓடுபாதையின் ஓரத்தில், நடுப்பக்கமாகப் போட்டார். உட்காரவில்லை. "இன்னொரு தடவை ஓட்டும்மா. வெளிய வந்து நின்னு. நான் சரியா பார்க்கணும்."

டவர் ஓடிப்போய்ப் பேட்டரி மாற்றினார். இந்தத் தடவை ஒரே பெட்டிதான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை அகற்றி நின்றாள். ஏற்றுவதற்கு அப்பாவிடம் பெட்டியை நீட்டினாள். அவர் வாங்காமல், அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். விமானம் ஓடி, துள்ளாமல் எழுந்து போனது. நான் மாமாவைப் பார்த்தேன். பைனாகுலர் வானத்தைப் பார்க்கவில்லை, அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைதானத்தின் மறுகோடியில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு நடந்து வந்தார். அம்மா விமானத்தைத் தூரத்தில் திருப்பி எங்களை நோக்கிக் கொண்டுவருவதை நின்று பார்த்தார். அது நேர்கோட்டில் வந்தது.

"பிரமாதமா ஓட்டறாங்களே. யாருங்க அவங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"என் வீட்டுக்காரி" என்றார் அப்பா.

நான் காத்திருந்தேன். இதற்குப் பின்னால் ஒரு போர்க்களமோ, ஒரு தங்கப் பதக்கமோ, குறைந்தபட்சம் ஒரு புயலாவது வரும். மாமாவும் பைனாகுலரை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா கைப்பையைத் தோளில் சரி செய்துகொண்டு விமானத்தைப் பார்த்தபடி நின்றார். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.